சாலையைக் கடந்து எரித்த கலோரிகள்

நடக்காமலே இளைத்துவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான்.

ஓசூரில் நான் வேலை பார்த்த ஆலையின் டாக்டர், "மூணு மாசத்துல மூணு கிலோ குறைங்க. இல்லைன்னா சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார். மாத்திரை என்றாலே எனக்கு நடுக்கம். பெங்களூருக்குப் போய் ஒரு வாட்ச் வாங்கி வந்தேன். அதோடு வந்த பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு நடந்தால், இதயத் துடிப்பை வைத்து எத்தனை கலோரி எரிந்தது என்று அது சொல்லும்.

ஒருநாள் மாலை, மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, செக்போஸ்ட்டைத் தாண்டிய லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி வந்தது. வாட்சில் துடிப்பு நூற்றைம்பது! எவ்வளவு நடந்தும் வராத எண். அன்றிலிருந்து நடையை விட்டுவிட்டு, தினமும் நாலு தடவை சாலையைக் கடந்தேன். எதிர்ப்பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடை. எரித்தவனுக்குச் சாப்பிட உரிமை இல்லையா?

ஒரு மாதத்தில் ஒரு கிலோ கூடியிருந்தது. ஆலையின் நர்ஸிடம் வாட்சை நீட்டினேன்.

"தினமும் இவ்ளோ எரியுதே, சிஸ்டர்?"

"அண்ணா, நீங்க பயந்ததை நீங்க நடந்ததா அது நெனச்சிக்கிச்சு. கழட்டி வச்சிட்டு ஏரிக்கரையில நடங்க."

நடந்தேன். முதல் வாரம் மூச்சு வாங்கியது, அப்புறம் கால்களே என்னை இழுத்துப்போயின. டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் இருக்கையில், ஆலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன். ஆரம்பித்த எடையிலிருந்து இரண்டு கிலோ குறைந்திருந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், ரெண்டு கிலோ போயிடுச்சு!"

"இன்னும் ஒண்ணு இருக்கு, நடங்க."