அலுமாரிக்குள் ஒரு சுவெற்றர்

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஐப்பசி. மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இணுவிலில் எங்கள் வீட்டு அறையில், பட்டுவேட்டி ஒன்றைத் தேடி மனைவியின் அலுமாரித் தட்டுக்குள் கையை விட்டபோது சேலைகளுக்குப் பின்னால் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தேன். சுவெற்றர். பீற்றூட் நிறம், தடித்த கம்பளி, கழுத்துவரை பொத்தான். விலைச்சீட்டைக் கத்தரித்து எடுத்திருந்தாள்.

மழை இன்னும் இறங்கவில்லை. தோட்டங்களில் மண் வாய் பிளந்து கிடந்தது. மின்விசிறிக்குக் கீழே நின்றும் அந்தக் கம்பளியைப் பிடித்திருந்த என் உள்ளங்கை வியர்த்தது.

வேறு ஊர்க்காரர் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். ஒரு சுவெற்றருக்கு இவ்வளவு பதற்றமா என்று. ஆனால் எங்கள் பக்கத்தில் சுவெற்றர் வாங்குகிறவர் விமானம் ஏறப் போகிறார் என்றுதான் அர்த்தம். அதையும் யாருக்கும் சொல்லமாட்டார். வெளிநாடு போகிறவர்கள் எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டு போவதில்லை. கண்ணூறு படும், யாராவது இடையில் கல்லெறிந்து கெடுப்பார்கள், விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினால் வெட்கம். கொழும்பில் ஓர் அலுவல் என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்துவார்கள். ஒரு கிழமை கழித்து வீட்டார் வாய் திறப்பார்கள், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று. எங்கள் பின் ஒழுங்கையில் ஒருவருடைய மனைவி மூன்று மாதம் கனடாவில் தமக்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர். நாலு வருடமாகிவிட்டது. அந்த மனிதர் இப்போதும் மாலையில் படலைக்கு முன்னால் நிற்பார். யாரும் கேட்காமலே, “அடுத்த மாசம் வாறாவாம்” என்பார்.

என் மனைவியின் தமக்கையும் கனடாவில்தான். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், வா வா என்று கூப்பிடுகிற தமக்கை.

சுவெற்றரை இருந்தபடியே மடித்து வைத்தேன். மகள் மட்டக்களப்பில் படிக்கப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் விவசாயப் போதனாசிரியர். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகத் திரிகிற வேலை. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத ஆள் என்று அவளே சொல்வாள். அவள் பிரதேச சபையில் எழுதுவினைஞர். இருபது வருடமாக அதே மேசை, அதே யன்னல். அசையாதவள் என்று நான் நம்பியிருந்தவள். நங்கூரம் தன்பாட்டில் கழன்று போகும் என்று எந்தப் படகாவது நினைக்குமா?

அன்றிலிருந்து எனக்குக் கண் நாலு, காது நாலு.

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நான் வாழைக்குப் பின்னால் நின்றேன். சிங்களத்தில் கதைத்தாள். கலியாணத்துக்கு முன் கொழும்பில் வேலை பார்த்தவள், அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ எண்கள் மட்டும் விளங்கும். இரண்டு என்றாள், மூன்று என்றாள், பிறகு மெல்லச் சிரித்தாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் என்று முடிவு கட்டினேன்.

மருதனார்மடம் சந்தையில் அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். “வெள்ளி தொடக்கம் அக்கா லீவாம் என்ன?” என்றாள். எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் மாதிரிப் பாரமான ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை.

அன்று சாப்பிடும்போது அவளே கேட்டாள், வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கூட்டம் ஏதும் இருக்கிறதா என்று. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்க்கிறாள் என்று எனக்குள் ஒன்று சொன்னது. கூட்டம் எதுவும் இல்லை. இருந்தும், கிளிநொச்சியில் முழுநாள் கூட்டம் என்று பொய் சொன்னேன், முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க. அவள் எழும்பிப் போனாள். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். நிம்மதி என்று அதற்கு நான் பெயர் வைத்தேன்.

சந்தேகம் ஒரு வேலைக்காரன். சம்பளம் கேட்காமல் இராப்பகலாக உழைப்பான். அடுத்த நாள் அவள் குளிக்கப் போனபோது அவளுடைய கைப்பையைத் திறந்தேன். இருபது வருடத்தில் முதல்தடவை. பயற்றம் பணியாரத் துண்டு ஒன்று, ஒரு நெற்றிப்பொட்டு அட்டை, நாலாக மடித்த ஒரு தாள். தாளில் ஒரு தொலைபேசி எண், அதற்குக் கீழே சிங்களத்தில் இரண்டு வரி. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன். தோட்டத்து வரம்பொன்றில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த எண்ணுக்கு எடுத்தேன். ஒரு ஆண் குரல், சிங்களம். வைத்துவிட்டேன். பின்னேரம் திரும்ப எடுத்தேன், வைத்தேன். மறுநாளும் ஒருதடவை. மூன்றாம் முறை அந்த மனிதர் கோபமாக எதையோ கேட்டார். பக்கத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கமக்காரர், “என்ன சேர், கடன்காரரோ?” என்றார்.

இதோடு நின்றிருந்தால் ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். நான் அவளுடைய பாஸ்போட்டையும் எடுத்தேன். சிதம்பரம் போவதற்கென்று ஒரு காலத்தில் எடுத்தது. பொலித்தீனில் சுற்றி, விதைநெல் மூட்டைக்குள் புதைத்தேன். அவள் அதைத் தேடுவாள், தேடும்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் தேடவேயில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. வேறொரு பாஸ்போட்டில் போகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் வந்தது. அவள் நாய்க்குச் சோறு வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை நம்பி நாயைக்கூட விடவில்லை என்று நெஞ்சு கசந்தது. உள்ளே வந்து, கிளிநொச்சிக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அது நின்றுபோய்விட்டது என்றேன். “அப்பிடியோ,” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துபோனேன்.

“நீர் எப்ப போறீர்?”

“நாளைக்கு விடிய.”

மறைக்கவே இல்லை. கதிரையில் இருந்துவிட்டேன். “தனியவோ?”

“தனியப் போறவளுக்கு ரெண்டு சுவெற்றர் என்னத்துக்கு?”

அலுவலகப் பைக்குள்ளிருந்து இன்னொரு சுவெற்றரை எடுத்து என் மடியில் போட்டாள். சாம்பல் நிறம், என் அளவு. சனிக்கிழமை எங்களுடைய இருபதாவது கலியாண நாள். நுவரெலியாவில் மூன்று நாளைக்கு ஒரு அறை பதிந்திருக்கிறாள். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டுபேரும் தனியாக எங்கேயும் போனதில்லை. போனதெல்லாம் கோயில், செத்தவீடு, ஆஸ்பத்திரி. பிள்ளை வளர்ந்த பிறகு புருசனும் பெண்சாதியும் குளிர் பார்க்கப் போகினமாம் என்று ஊர் சிரிக்கும் என்றுதான் ஒருவருக்கும் சொல்லவில்லையாம்.

கம்பளி மடியில் சுட்டது. “உம்மடை பாஸ்போட் நெல்லு மூட்டைக்குள்ளை கிடக்கு,” என்றேன்.

அவள் மூட்டை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நுவரெலியாவுக்கு இப்ப பாஸ்போட் கேக்கினமோ?” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்ததையும் தொலைபேசி எடுத்ததையும் விழுங்கிவிட்டேன்.

விடிய பஸ் ஏறினோம். கண்டியில் மாறி, மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து ஈரமானது. பொழுது சாயும் நேரம் விடுதிக்குப் போனோம். மரக்கறிச் சரிவு ஒன்றின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட சின்ன வீடு. அதை நடத்துகிறவர் ஐம்பது வயதுச் சிங்களவர், கம்பளித் தொப்பியோடு. எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து எதையோ அழுத்தினார்.

என் சட்டைப்பைக்குள் மணி அடித்தது.

அந்த மணியை எப்படி நிறுத்துவது என்று எனக்கு மறந்துபோனது. அது அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, என் தோளில் தட்டிச் சாவியைத் தந்தார். என்ன சொன்னீர் என்று அறைக்குள் போய்க் கேட்டேன். எடுத்து எடுத்து வைக்கிற ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொன்னாளாம்.

அவளுக்கு அது புறப்படுவதற்கு முன்னமே தெரியும். தன்னை யாரோ தேடித் திரிகிறார்கள், பொலிஸ் கரைச்சல் வருமென்றால் அறை தரமுடியாது என்று அந்த மனிதர் பயந்து அவளுக்கு எடுத்து, எண்ணை வாசித்துக் காட்டியிருக்கிறார். அது என் எண்; அவருக்கு அவள் அதைச் சொல்லவில்லை. எனக்குக் கூட்டம் இல்லை என்பதும் தெரியும். என் அலுவலகத்துக்கே எடுத்துக் கேட்டிருக்கிறாள்.

“அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?” என்றேன்.

“நீங்கள் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அதோடு அவள் படுத்துவிட்டாள். அந்த அறையின் குளிர் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கலியாண நாள். காலையில் இரண்டு சுவெற்றர்களும் லீக்ஸ் பாத்திகளின் ஓரமாக நடந்தோம். நாலடிக்கு அப்பால் எல்லாவற்றையும் பனிமூட்டம் பால்போல் மூடியிருந்தது. பாத்தி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் தொழில் புத்தியில் மண்ணைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, எந்தக் கோபமும் இல்லாமல்.

“நீங்கள் எப்ப போறியள்?”

இவ்வளவு நேரமும், படிக்கிற உங்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். லண்டனில் எனக்கு ஒரு அண்ணை இருக்கிறார். அந்தச் சித்திரையில் அவர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார், விசாவுக்கு வைக்க. அதோடு என் சம்பளப் பத்திரத்தையும், சந்தி ஸ்டூடியோவில் பிடித்த என் விசாப் படங்களையும் சேர்த்து ஒரு கோப்பாகக் கட்டி, பழைய பயிற்சிப் புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆறு மாதமாக அனுப்பவில்லை. எறியவும் இல்லை. அது அங்கே கிடக்கிறது என்ற நினைப்பே எனக்கு ஒரு யன்னல் மாதிரி இருந்தது. அவள் அலுமாரியை நான் கிளறியதற்கு எத்தனையோ நாள் முன்னரே அவள் அதைக் கண்டுவிட்டாள்.

“அதுக்குள்ளை ஒராளின்ரை படம்தான் இருந்தது,” என்றாள்.

நான் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போவதென்று முடிவெடுக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மை. போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவும் உண்மை.

“நீங்கள் போறதுக்கு முதல், ஒருக்கா ரெண்டு பேருமா எங்கையாவது போயிட்டு வருவம் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் இது.”

மலைக்கு என்னை அவள் கூட்டிக்கொண்டு வந்தது கொண்டாட என்று நான் நினைத்திருந்தேன். அவள் வழியனுப்ப வந்திருந்தாள். பதினொரு நாள் அவள் என்னை விட்டுப் போகிறாள் என்று நான் வேவு பார்த்துத் திரிந்தபோது, ஆறு மாதமாக நான் போய்க்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், என் சட்டையை மடித்திருக்கிறாள், என் அளவுக்குக் கம்பளி வாங்கியிருக்கிறாள்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“போகவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். சொல்லாமல் மட்டும் போகாதேங்கோ.”

நாங்கள் மிச்ச இரண்டு நாளும் இருந்துவிட்டுத்தான் வந்தோம். கரட் வாங்கினோம், ஏரியில் படகு ஏறினோம், மூக்குச் சளியோடு திரும்பினோம். ஊரில் எங்கே போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு, நுவரெலியாவுக்கு, கலியாண நாளுக்கு என்று அவளே சொன்னாள். எதிர்பார்த்ததுபோல் சிரித்தார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோசம்கூட இருந்தது.

அந்தக் கோப்பு இப்போது இருவருக்கும் தெரிய மேசையில் கிடக்கிறது. என்னுள்ளே அலைவது எதுவோ அது இன்னும் அடங்கவில்லை, அடங்கும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சந்திக்குப் பச்சைமிளகாய் வாங்கப் போனாலும், அவள் குளித்துக்கொண்டிருந்தாலும், கதவில் தட்டி, இன்ன இடத்துக்குப் போகிறேன், இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறேன். உள்ளேயிருந்து “ஓம்” என்று அவள் சொல்வதைக் கேட்காமல் போன தூரமெல்லாம் எவ்வளவு பெரிய தூரம் என்று எனக்கு அந்த ஐப்பசிதான் காட்டித் தந்தது.