மொட்டை மாடியில் ஜெயித்த வயர்லெஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். இராஜபாளையத்தில் நானும் என் கணவரும் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்தோம். கல்லாவில் அவர் உட்காருவார், சால்டரிங் அயர்ன் என் கையில் இருக்கும். "பொம்பளையா ரிப்பேர் பாக்குது?" என்று முகம் சுளித்தவர்களே பிறகு என்னைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன்.

என் தங்கை தூத்துக்குடியில் நர்ஸாக இருந்தபோது, சின்னப் படகு வைத்து மீன் பிடிக்கும் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் அப்பா அன்றோடு அவர்களுடன் பேச்சை நிறுத்திவிட்டார். பேச்சில் தவிர்க்க முடியாமல் மருமகன் வந்தால் "அந்தப் பய" என்பார். மூன்று வருடம் இப்படியே ஓடியது. தங்கை ஏழு மாதம் என்று தெரிந்தும் அவர் இறங்கி வரவில்லை.

அந்த ஆடியில்தான் தங்கை கணவர் முதல் தடவையாக எங்கள் கடைக்கு வந்தார். அவர் படகிலிருந்த வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் பேச்சு மூச்சில்லாமல் போயிருந்தது. திறந்து பார்த்தேன். உப்புத் தண்ணீர் இறங்கி, உள்ளே எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. இனி தேறாது என்றேன். அவர் இன்னொரு பையைத் திறந்தார். கப்பல்களில் கழற்றிய சாமான்களை விற்கும் ஒருவரிடம் இரண்டு வகை செட் வாங்கி வந்திருந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

ஒன்று பழையதைப் போலவே படகில் பொருத்துவது. அதற்குப் பெரிய பேட்டரியும் நீளமான ஏரியலும் வேண்டும். இன்னொன்று கைக்கு அடக்கமான ஜோடி. படகில் ஒன்று, கரையில் தங்கையிடம் ஒன்று இருக்கலாம். "நீங்க எதச் சொல்லுதியளோ அதான் மதினி" என்றார். எங்கள் வீட்டிலிருந்து அந்த மனிதர் கேட்ட முதல் உதவி அது. இதற்கெல்லாம் உரிமம் வாங்க வேண்டும் என்பதுகூட அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். கைச்செட்டில் ஒன்றைக் கொடுத்து, என் தம்பியை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். மொட்டை மாடியில் நின்று பேசச் சொன்னேன். இங்கே பெரிய செட்டுக்கு எதிர் ஒர்க்ஷாப்பில் லாரி பேட்டரி இரவல் வாங்கினோம். அந்தக் கனத்தை மூன்று மாடி யார் தூக்குவது? கடைத் தரையிலேயே வைத்து, ஏரியலை ஷட்டரில் சாய்த்து ஸ்விட்சைப் போட்டேன். கரகரவென்று இரைச்சல், தம்பி சொன்னதில் பாதி வார்த்தைதான் வந்தது.

அடுத்து கைச்செட். அது இலேசானதுதானே, எடுத்துக்கொண்டு மூவரும் மாடிக்கு ஏறினோம். தம்பியின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது. திடீரென்று அவன் குரல் நின்று, ஒரு கனைப்புச் சத்தம். அப்பா. தம்பி போக்கிரித்தனமாகச் செட்டை அவர் கையில் திணித்திருக்கிறான். நானும் சட்டென்று என் கையிலிருந்ததைத் தங்கை கணவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அப்பா இன்னொரு தடவை கனைத்தார். பிறகு, "சாப்டாச்சா?"

"இப்பதான் மாமா. நீங்க?"

"ம்."

அவ்வளவுதான். ஆனால் தங்கை கணவர் செட்டைக் காதிலிருந்து எடுக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் யார் எதை யோசித்தார்கள்? இதுதான் செட் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் தெளிவாகக் கேட்கும், தைரியமாகப் போங்கள் என்றேன்.

பத்து நாள் கழித்து, மதியம் மூன்று மணி இருக்கும். கடைக்குப் போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து தங்கை.

விடிகாலையில் கடலுக்குப் போனவர் பதினோரு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. மேல்காற்று பலமாக அடிக்கிறது. இன்ஜின் நின்றுபோனால் அது படகை ஆழக் கடலுக்குத்தான் தள்ளும். காற்றுக்குப் பயந்து அன்று மற்ற படகுகள் போகவில்லை. தேடிப்போக ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், எந்தத் திசைக்குப் போவது என்றுதான் தெரியவில்லை. இருட்டிவிட்டால் தேடவும் முடியாது.

"பதினோரு மணில இருந்து கத்துதேன் அக்கா. செட்டுல ஒரு சத்தமும் வரல. நல்லாக் கேக்கும்னுதான நீ சொன்ன?"

செட்டில் லைட் எரிகிறதா, சேனல் மாறியிருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு என்ன? நான் ஏதாவது கம்பியைத் தொட்டுக் கெடுத்துவிட்டேனா?

அன்று அப்பாவும் கடையில் இருந்தார். சப்பட்டை மாம்பழம் கொண்டு வந்திருந்தார். தங்கைக்கு என்று வாய் திறந்து சொல்லாமல், "யாராச்சும் அந்தப் பக்கம் போனாக் குடுத்து விடு" என்று மூலையில் வைத்திருந்தார். விஷயம் புரிந்ததும் எழுந்து வந்து, "ஏட்டி, அவ அத வச்சுக்கிட்டு எங்கன நிக்கான்னு கேளு" என்றார்.

கேட்டேன். வீட்டு வாசலில் என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தக் கைச்செட்டைத் தரையில் வைத்து நான் ஒரு தடவைகூடப் பேசிப் பார்க்கவில்லை. தரையில் வைத்த செட்டைக் கழித்தேன், மாடிக்குக் கொண்டுபோனதைத் தேர்ந்தெடுத்தேன். நான் செட்டைச் சோதிக்கவில்லை, மாடியைத்தான் சோதித்திருக்கிறேன். இந்த அலை வளையாமல் நேராகத்தான் போகும், உயரம் இருந்தால்தான் தூரம் எட்டும். கடலில் அவர் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு ஏது மூன்று மாடி?

உங்கள் ஊரிலேயே உயரமான இடம் எது என்று கேட்டேன். ஐஸ் ஃபேக்டரி மாடி, அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி என்றாள். யாரிடமாவது செட்டைக் கொடுத்து அதன் உச்சிக்கு ஏறிப் பேசச் சொல் என்று முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம். போன் செய்ய வந்த ஒருவரை என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். ரிசீவர் சரியாக வைத்திருக்கிறதா என்று நான் நாலு தடவை பார்த்தேன். தங்கை முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. பேசியவர் ஐஸ் ஃபேக்டரி மேனேஜர். "ஒங்க தங்கச்சிதாம்மா ஏறி நிக்காவ. சொன்னாக் கேக்கல. கொரல் கேட்டுருச்சு. மெதுவாத்தான் கேக்கு, ஆனா கேக்கு."

இன்ஜின் நின்று ஒன்பது மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எந்தப் பக்கம் தெரிகிறது என்று அவர் சொன்னதை வைத்து இரண்டு படகுகள் புறப்பட்டுவிட்டன. செட்டில் சார்ஜ் தீரும் தறுவாயில் இருந்ததாம்.

நான் போனை வைத்ததும் அப்பா கேட்டார். "அவிய கொரல அவளே கேட்டாளா?"

அவிய. மூன்று வருடமாக 'அந்தப் பய'வாக இருந்தவருக்கு அன்று மரியாதைச் சொல். ஆமாம் என்று தலையாட்டினேன். பொழுது சாயும் முன்னால் படகைக் கட்டி இழுத்து வந்து சேர்த்துவிட்டார்கள் என்று அடுத்த போன் வந்தது. அப்பா எழுந்து மாம்பழக் கூடையை எடுத்துக்கொண்டு, தூத்துக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்றார்.

அடுத்த வாரம் தங்கை கணவர், திருப்பிக் கொடுத்திருந்த பெரிய செட்டை மறுபடி கேட்டு வாங்கி, கைச்செட்டுகளோடு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. என் தப்பு என்றேன். "மேல ஏறச் சொன்னதும் நீங்கதான மதினி" என்றார். இந்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க்குப் போனோம். தண்ணீர் ஓரம், படகில் உட்காருவதுபோல் தரையில் உட்கார்ந்தோம். தம்பி கைச்செட்டோடு சைக்கிளில் தள்ளிப் போகப் போக, எங்கள் கைச்செட்டில் அவன் குரல் சீக்கிரமே மங்கி நின்றது. ஏரியலை மூங்கில் கழியில் உயரக் கட்டிய பெரிய செட்டில் அவன் அதற்கு அப்பாலும் நெடுந்தூரம் பேசிக்கொண்டே போனான்.

அன்று மாடிக்குத் தூக்க ஆளில்லாத அதே லாரி பேட்டரியை, கண்மாய்க் கரையில் ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் மருமகனுமாகத் தூக்கி வந்தார்கள்.

இப்போதும் எந்தச் சாமானைப் பழுது பார்த்துக் கொடுத்தாலும், இதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்காமல் 'நன்றாக வேலை செய்யும்' என்று என் வாயால் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லை நம்பிக் கடல் நடுவே ஒரு மனிதர் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாரே, நான் கேட்கவே கேட்காத அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.