ஒருமுறைகூடத் தவறாத கமலி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா பட்டு நெய்பவர். ஒரு இழை தப்பினாலும் புடவையில் தெரிந்துவிடும் என்பதால், தப்பு செய்தவனைத் தறியை விட்டு எழுப்பிவிடுவார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் போனபோது, நானும் அதே வழக்கத்தைக் கொண்டுபோனேன். மூத்த மாணவிகள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். இருந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள். எறிந்த பந்து கூடையில் விழாவிட்டால், எறிந்தவள் வெளியே உட்கார வேண்டும் என்று விதி வைத்தேன்.

அந்த வருடம் ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். சில விநாடிகளே பாக்கி. கமலி கூடைக்குக் கீழே, மறிக்க ஆளில்லாமல் பந்தோடு நின்றாள். எறியாமல், தள்ளி நின்ற ரேவதிக்குக் கொடுத்தாள். ரேவதி பிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"கூடை உன் தலைக்கு மேலயே இருக்குது. எனக்கு எதுக்குடி குடுத்த?" என்றாள் ரேவதி.

நானும் அதையே கேட்டேன்.

"தப்புனா வெளிய உக்காரணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நான் ஒரு தபா கூட உக்காரல சார்" என்றாள் கமலி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். அந்த வருடம் முழுக்க அவள் எறிந்ததே இல்லை. அவளைப் போல விளையாடுங்கள் என்று மற்றவர்களிடம் பலமுறை சொன்னவனும் நான்தான்.

மறுநாளே விதியை எடுத்துவிட்டேன். கமலி இப்போது எறிகிறாள், பாதி விழுவதில்லை. ஆனால் எறிந்தவுடன் அவள் பந்தைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள். அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான்.