குனிந்து நடந்த வீடு

நடந்தவை, வரிசைப்படி:

1. அண்ணன் மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸ் நாட்டின் டாவோ நகரத்துக்குச் சென்றார்.
2. தொற்றுக்காலத்தில் ஊர் திரும்பினார். வகுப்புகள் கைப்பேசி வழியாக வீட்டிலிருந்தே தொடர்ந்தன.
3. நடுவில் விதிகள் மாறின. அவர் சேர்ந்திருந்த படிப்பை முடித்தாலும் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது என்ற நிலை வந்தது.
4. அண்ணன் படிப்பை நிறுத்தினார். வீட்டில் சொல்லவில்லை. கைப்பேசி மட்டும் தினமும் அதே இடத்தில் நின்றது.
5. அந்தக் கைப்பேசியால் அவர் ஒரு படம் எடுத்தார். நாற்பத்தொரு நிமிடம் ஓடும்.
6. சென்ற ஆண்டு காலமானார்.
7. இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் படம் டாவோவில் நடக்கும் ஒரு திரைப்பட விழாவுக்குத் தேர்வானது. அதைத் திரையிட, படத்தில் வருகிற மூன்று பேரின் கையெழுத்து வேண்டும். அப்பா, அம்மா, தங்கையான நான்.

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் நான்காவது வரியில் நின்றிருப்பீர்கள் என்று தெரியும். அஞ்சலிச் சுவரொட்டியில் அண்ணன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருந்தது. இந்த நினைவு மலரின் அட்டையில் இல்லை. அச்சகத்தார் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஏன் இல்லை என்பதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அண்ணன் பிறந்தது சீவலப்பேரியில். அப்பா அப்போது அரசுப் பேருந்தில் மாஞ்சோலை மலைப்பாதை ஓட்டுநர். அண்ணன் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் நாங்கள் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தோம். பள்ளியில் அண்ணன் முதல் மாணவர் அல்லர். ஆனால் பக்கத்து இருக்கைப் பையன் புரியவில்லை என்றால் தன் பாடத்தை விட்டுவிட்டு அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். உள்ளூரில் மருத்துவ இடம் சிறிய வித்தியாசத்தில் தவறியது. சீவலப்பேரி வயலை விற்று அப்பா அவரை டாவோவுக்கு அனுப்பினார். பணிமனையில் அப்பாவுக்கு அன்றிலிருந்து ‘டாக்டர் அப்பா’ என்று பெயர்.

டாவோவில் அண்ணன் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் மரிசெல். அவர் உள்ளூர்த் திரைப்பட விழாவில் தன்னார்வலர். நாற்காலி தூக்க ஆள் போதவில்லை என்று ஒருநாள் அண்ணனையும் கூட்டிப்போனார். கூரை போட்ட கூடைப்பந்து மைதானம். கம்பத்துக்குக் கம்பம் கட்டிய வெள்ளைத் துணி. படங்களை எடுத்தவர்கள் பள்ளி ஆசிரியர், செவிலி, படகு ஓட்டுபவரின் மகள் என்று அந்தந்தத் தீவுக்காரர்கள். தலைநகர மொழியில் இல்லாமல் தங்கள் ஊர்ப் பேச்சில் எடுத்திருந்தார்கள். திரையில் தங்கள் ஊர்ச் சொல் ஒன்று வந்தாலே கூட்டம் சிரித்துக் கைதட்டியதாம். படம் முடிந்ததும் எடுத்தவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். மீன் விற்கும் ஓர் அம்மா எழுந்து, உன் கதாநாயகி மீன் அரிகிற விதம் சரியில்லை என்று சொல்ல, அந்த இயக்குநர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாராம்.

இதைச் சொல்வதற்காகவே அன்று அண்ணன் எனக்கு வீடியோவில் பேசினார். பின்னால் இன்னும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “ஏ பிள்ள, இங்கன படம் எடுக்கதுக்கு ஒருத்தன்கிட்டயும் போயி நிக்க வேண்டாம் பாத்துக்கோ. ஒரு போனும் ஒரு வீடும் இருந்தா போதும்” என்றார். பரீட்சை எப்போது என்று கேட்டேன். நாற்காலி அடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு விழாவில் அவர் நாற்காலி தூக்கவில்லை, படங்களைத் தேர்வு செய்யும் குழுவுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அதற்கடுத்த ஆண்டு தொற்று வந்தது. ஊர் வந்து சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு ஒழுங்காக எட்டும் இடம் நடுக்கூடம் ஒன்றுதான். அடுக்களையிலிருந்து பின்பக்கக் குழாய்க்குப் போகிற வழியும் அதுதான். அண்ணன் சுவரோரம் மேசை போட்டு, கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திப் படித்தார். அவருக்குப் பின்னால் நடப்பவர் எல்லாரும் அதில் தெரிவார்கள். முதல் வாரமே அம்மா வாளியோடு குறுக்கே போக, திரையில் இருந்த பேராசிரியர் கையசைத்து வணக்கம் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அந்த நாள் முழுக்க வெட்கம். வாத்தியார் கண்ணில் இனி யாரும் படக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் குனிந்து நடந்தோம். நான் ஓடிக் கடந்துவிடுவேன். அம்மா சேலையை இடுக்கிக்கொண்டு குந்தினாற்போலப் போவார். அப்பாவுக்கு முப்பது வருடம் மலைப்பாதையில் ஓட்டிய முதுகு. சுவரைப் பிடித்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மெதுவாகக் கடந்துபோய் அந்தப் பக்கம் நிமிர்ந்து மூச்சு வாங்குவார். குடிதண்ணீர்க் கேன் வருகிற நாள்களில் கேனோடும் அப்படியே.

நான் காற்றாலை நிறுவனம் ஒன்றில் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர். எந்த இயந்திரம் சுழல்கிறது, எது நிற்கிறது என்று எண்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு விடுமுறை நாளில் வீட்டு இணைய இணைப்பைச் சரிபார்த்தபோது, அண்ணன் வகுப்பில் இருக்கும் நேரத்தில் இணைப்பில் எதுவுமே ஓடவில்லை என்று தெரிந்தது. மாடிக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. “வகுப்ப விட்டு ஏழு மாசம் ஆச்சு. போனாலும் செல்லாது, போகலைன்னாலும் ஒண்ணுமில்ல. எந்தப் பக்கமும் வழி இல்ல. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ சொல்லாத” என்றார்.

நான் சொல்லவில்லை. படிப்பு முடிந்துவிட்டது, இனி தகுதித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு என்று அவர் வீட்டில் சொன்னபோதும் பேசாமல் இருந்தேன். வகுப்பே இல்லை என்று தெரிந்தும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் குனிந்துதான் கடந்தேன். நான் நிமிர்ந்து நடந்தால் அம்மா ஏன் என்று கேட்பார். இரண்டரை வருடம் அப்படிப் போயிற்று.

அந்த நாள்களில் தெருவில் உள்ளவர்கள் மாத்திரை அட்டைகளோடு வருவார்கள். அண்ணன் யாருக்கும் மருந்து எழுதியதில்லை. உட்காரவைத்து முழுவதும் கேட்பார். பிறகு பெரியாஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குப் போய் என்ன சொல்ல வேண்டும் என்று துண்டுத் தாளில் எழுதிக்கொடுப்பார். அப்படிப் போய்ச் சரியான நேரத்தில் சிகிச்சை பெற்றவர்கள் இந்த மலரை வாங்குகிறவர்களிலும் உண்டு.

சந்தையருகே ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை பிலிப்பைன்ஸ் படங்களைத் திரையிட்டார். மரிசெல் மூலம் எடுத்தவர்களிடமே அனுமதி வாங்கி, தமிழில் வசன வரிகள் எழுதிச் சேர்ப்பார். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு பெண் அரிசி களைவதை ஐந்து நிமிடம் காட்டுவார்கள். பத்துப் பதினோரு பேர் வருவார்கள். அப்பாவின் பணிமனை நண்பர் ஒருவர், வெளிநாட்டுப் படம் என்று கேள்விப்பட்டு ஒருதரம் வந்தார். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏ தம்பி, இதுல எப்ப கதை ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். “முடிஞ்சிட்டு அண்ணாச்சி” என்றார் அண்ணன். அந்த அண்ணாச்சி அடுத்த மாதமும் வந்தார். தன் மருமகனையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் படம் எடுப்பது மட்டும் எனக்குத் தெரியாது. சும்மா நிற்கும் கைப்பேசி என்றே நினைத்திருந்தேன்.

கடைசி நாள்கள் குறைவு. ஒரு காலை குளித்துவிட்டு வந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, இது சாதாரணத் தலைவலி இல்லை, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, உடனே ஸ்கேன் எடுக்கச் சொல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்கேனிலும் அப்படியே இருந்தது. இதை யார் உங்களுக்குச் சொன்னது என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டார். “எம்மவன்தான்” என்றார் அப்பா. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். அப்பாவிடம் அவர் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

படத்தை முன்பே மரிசெல்லிடம் கொடுத்துவைத்திருக்கிறார். அவர்தான் இந்த ஆண்டு விழாவுக்கு அனுப்பினார். தேர்வுக் கடிதத்தோடு சம்மதப் படிவம் வந்த அன்று, அப்பாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, படத்தைப் போடு” என்றார்.

மூவரும் கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். படம் முழுவதும் எங்கள் கூடம்தான். வெயில் நகர்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, நாங்கள் குனிந்து குறுக்கே போகிறோம். ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி, இரண்டு கோடைகள். பின்னணியில் வீட்டுப் பேச்சு. மாப்பிள்ளை பார்ப்பது, அரிசி தீர்ந்தது, “இந்தத் தடவை பாஸ் ஆயிருவான்” என்பது. அம்மா ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பாவும் இல்லை. ஒருத்தி மட்டும் கடக்கும்போதெல்லாம் கைப்பேசியை நேராகப் பார்த்துவிட்டுப் போகிறாள். அது நான்.

முடிந்ததும் அப்பா, நல்லாத்தான் எடுத்திருக்கான் என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார். அம்மா அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் மரிசெல்லின் கடிதத்தையும் முழுதாகப் படித்துக்காட்டிவிடுவது முறை என்று நினைத்தேன். எதையும் விட்டுவிடக்கூடாது என்பது என் பழக்கம். அப்பா கேனோடு கடக்கும் இடத்தில் தேர்வுக் குழுவினர் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு யாரும் பேசவில்லை என்று மரிசெல் எழுதியிருந்தார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அப்பா பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. அம்மா அவரைத் தேற்றத்தான் பேசினார். “சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நானுந்தான் குனிஞ்சேன். எனக்கு முன்னாடியே தெரியும். எந்த ஊரு வாத்தியாரு ஞாயித்துக்கிழமையும் பாடம் நடத்துவான்? நான் நிமிந்து போனா பிள்ளைக்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்திரும். அதான்.”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியும் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“அப்ப இந்த வீட்டுல நான் ஒருத்தந்தான் நெசமாவே குனிஞ்சிருக்கேன்” என்றார்.

பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இந்தக் கட்டுரையை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. நம்ம ஆட்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும், முகம் தெரியாத ஊரில் உட்கார்ந்து யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர் சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை. அண்ணன் முடித்துவைத்த ஒரே காரியம் இந்தப் படம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக இருக்கிறேன். மரிசெல்லுக்கு எழுதிக் கேட்டேன். அப்பாவின் கையெழுத்து இல்லாமல் திரையிட மாட்டோம், முகத்தை மறைத்தும் காட்ட மாட்டோம், கடைசி நாள் வரை இடத்தை வைத்திருப்போம் என்று பதில் வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: சிவப்பு விளக்கில் நிற்காமல் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டோ ஓட்டுநர், அவர் பெயர் கேட்க மறந்துவிட்டேன். மூன்று நாளும் மருத்துவமனை வாசலில் முறைபோட்டு இருந்த பணிமனை நண்பர்கள். ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகள். மாடியைத் திறந்துவிட்ட தட்டச்சுப் பயிலக அண்ணாச்சி. பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்க விடாத எதிர்வீட்டு அத்தை. டாவோவில் அண்ணனுக்காக அந்த மைதானத்தில் மெழுகுவத்தி ஏற்றிய மரிசெல்லும் அவருடைய நண்பர்களும்.

இன்றைய நிலை: நேற்று அப்பா என்னைக் கூப்பிட்டு, அந்தக் கேன் இடத்தில் அண்ணன் சிரித்தாரா என்று கேட்டார். படத்தில் அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருக்கிறது. அண்ணனின் கணினியில் வெட்டாத பதிவுகள் உள்ளன. அப்பா கடக்கும் எல்லாவற்றையும் காதொலிப்பான் வைத்துக் கேட்டேன். சிரிப்பு எதிலும் இல்லை. கேன் தூக்கிவரும் பதிவில், “அப்பா, நிமிந்து போங்க, ஒண்ணும் தெரியாது” என்று அண்ணன் மெதுவாகச் சொல்கிறார். “நீ பாடத்தைக் கவனிலே” என்று அப்பா சொல்கிறார். அதை அப்பாவுக்குப் போட்டுக்காட்டினேன். இரண்டு தரம் கேட்டார். படிவத்தை மேசையிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் அம்மாவும் நானும் போட்ட இரண்டு கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. கடைசி நாளுக்கு இன்னும் ஆறு நாள். இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த ஆறு நாளும் முடிந்திருக்கும்.