பிரியாத செல்கள்

எங்கள் வலியசாலை அக்ரஹாரத்து வீட்டில் வெங்காயம் வாங்குவதில்லை. நானோ வெங்காய வேரை வைத்து ஆராய்ச்சி செய்யப் போனேன்! பக்கத்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்த மலையாளிதான் தன் வீட்டிலிருந்து வெங்காயம் கொண்டுவந்து, டம்ளர் தண்ணீரில் வேர்விட வைப்பான். உன் பாதி ஆராய்ச்சி என்னுடையது என்று கேலி வேறு.

காலையில் வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குவோம். உட்கருவில் டி.என்.ஏ. எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடர்த்தியாகச் சிவக்கும். நுனிச் செல்கள் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிக்கொண்டு இரண்டாகப் பிரிந்துவிடும். சற்று மேலே, நீர்க்குழாயாக மாறப்போகிற செல்கள் அப்படியில்லை. இரட்டிப்பாகும், மறுபடியும் இரட்டிப்பாகும், ஊதிப் பெருத்துப்போகும், பிரியவே பிரியாது. இதுகளுக்கு என்னதான் கேடு என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். அவன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பிரியான் மனசில்லா." பிரிய மனசில்லையாம். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

பிறகு அவனுக்கு வடக்கே வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஆய்வகத்துக்கு வந்து, மூன்றரைக்குத் தம்பானூரில் வண்டி என்று மட்டும் சொன்னான். நீயும் ஸ்டேஷனுக்கு வா என்பான் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டோம், அபசகுனம். 'வரேன்' என்றுதான் விடைபெறுவோம். அதையே மலையாளமாக்கி, "என்னா ஞான் வராம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் போனில் அவன் செய்தி. வண்டி நகரும் வரை பெட்டி வாசலிலேயே நின்று பார்த்தானாம். "நீ வராம்னு பறஞ்ஞதல்லே?" வருவதாகச் சொன்னாயே என்று கேட்கிறான்.

தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக விளக்கம் எழுதினேன். அது நாங்கள் கிளம்பும்போது சொல்கிற வார்த்தை, வருவதாக அர்த்தமில்லை என்று. தப்பு இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். 'சாரமில்லா' என்று பதில் வந்தது. பரவாயில்லையாம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

வருஷங்கள் போய்விட்டன. அவனை ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருக்கிறது. நான் அனுப்பியதை இன்னும் எடுத்துப் படிக்கிறேன். வார்த்தைக்கு அர்த்தம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். வர ஆசைப்பட்டேன் என்று எழுதவில்லை.