லட்சம் வோல்ட்டும் ஒரு சிட்டிகை உப்பும்

மின்சார லைன் வேலை என்பது, சரியாக நடக்கும் வரை யாரும் நினைத்துப் பார்க்காத, ஒரு நிமிடம் தவறினால் ஊர் முழுக்க நம் வீட்டுப் பெண்களையும் சேர்த்து நினைத்துக்கொள்கிற வேலை. டவரில் ஏறிக் கால் நடுங்கியவர்களும் படிக்கலாம், கீழே நின்று அவர்களைத் திட்டியவர்களும் படிக்கலாம். இரண்டு தரப்பும் பட்டது ஒரே பாடுதான்.

நான் ஒரத்தநாட்டுக்காரன், கல்லணையிலிருந்து பிரியும் புது ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன். லைன் இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு கொடுத்து வேதாரண்யத்துப் பக்கம் கடலோரப் பிரிவுக்கு மாற்றினார்கள். சுவரெல்லாம் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று எழுதியிருந்த காலம் அது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாட்டுக்காரன் பெயரில்கூடப் பண்ணை நிலத்தை எழுதி வைத்திருந்தார்கள். அறுவடை என்றாலே கூலித் தகராறு, போலீஸ் வேன்.

ஹமீது பாய் ருசி பார்த்தது

என் பொறுப்பில் வந்தது உப்பளங்களைக் கடந்து போகும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட் லைன். அந்தக் கம்பியை இரும்பு டவரோடு ஒட்டவிடாமல் தாங்குபவை பீங்கான் தட்டுகள்தான். சோற்றுத் தட்டு அளவில் ஏழு தட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைச் சரம் என்போம். மேலே யானையைச் சாம்பலாக்கும் மின்சாரம், கீழே ஆடு மேய்கிற பூமி, நடுவில் ஏழே ஏழு தட்டு. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அந்த மலைப்பு அடங்கவில்லை.

ஒரத்தநாட்டில் அந்தத் தட்டுகள் காப்பிக்கொட்டை நிறத்தில் பளபளவென்று இருக்கும். இங்கே சாம்பல் பூத்துக் கிடந்தன. லைனை நிறுத்தி எர்த் போட்ட பிறகு ஹமீது பாய் மேலே ஏறினார். நாகூர்க்காரர், எங்கள் பிரிவின் லைன்மேன், கிட்டத்தட்ட என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். ஒரு தட்டின் அடியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினார்: “சார், இந்தப் பக்கம் வேலைக்கி வர்றப்ப கஞ்சிக்கு உப்பு எடுத்துட்டு வர வேணாம்!”

பனிக்குப் படுக்கும் லைன்

ஐப்பசியில் காற்றும் மழையும் அடித்து ஊற்றியது. தென்னை மரம் சாய்ந்தது, பஸ் நின்றது, எங்கள் லைன் நின்ற இடத்தில் நின்றது. ஊரே பாராட்டியது. கார்த்திகையோடு அந்த வருடம் மழை ஓய்ந்தது. மார்கழி பிறந்து லேசாகப் பனி விழ ஆரம்பித்ததுதான் தாமதம், விடிகாலையில் பட்டென்று கரண்டு போனது. வெயில் ஏறியதும் தானாக நிலைத்தது.

காரணம் சின்னதுதான். கடற்காற்று கொண்டுவந்து அப்பும் உப்பு காய்ந்திருக்கும் வரை சும்மா இருக்கும். அடைமழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பனியும் தூறலும் அதைக் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். தட்டின் மேல் உப்புத் தண்ணீர் ஒரு ஏடு போலப் படரும். அதன் வழியாக மின்சாரம் மெல்ல ஊர்ந்து டவருக்குத் தாவிவிடும். புயலுக்கு அசையாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத ஏடு கவிழ்க்கிறதே என்று எனக்கு வியப்புத் தாங்கவில்லை. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மரைக்காயரிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். இட்லி மாவு அரைக்கும் நேரம் பார்த்துக் கரண்டு போகிற கடுப்பில் இருந்தவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “புயல்ல நிக்கிற லைனு பனியில படுத்துக்குதுன்னா, அதுக்கு ஜலதோஷம்தான் சார், ஆவி புடிக்கச் சொல்லுங்க.”

முணுமுணுக்கும் டவர்

தையில் ஒரு விடிகாலை, என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஹமீது பாயோடு உப்பளத்து நடு டவருக்குப் போனேன். காற்று இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் காதில் விழுந்தது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல உஸ்ஸென்ற ஓசை. அண்ணாந்து பார்த்தேன். சரத்தின் மேல் ஊதா நிறத்தில் சின்னச் சின்ன நெருப்புப் புழுக்கள் தட்டுக்குத் தட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று அணையும், பக்கத்தில் இரண்டு முளைக்கும். பத்து வருடம் மின்சாரத்தோடு பழகியும் மின்சாரத்தை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

உப்புப் பாத்தி மிதிக்கப் போன பெண்கள் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். “தள்ளிப் போங்கம்மா, ஆபத்து” என்றேன். முன்னால் வந்த அம்மாள் நிற்கக்கூட இல்லை. “தெனம் விடியக்காலையில அது இப்படித்தான் முணுமுணுக்குதுங்க, எங்க உப்பத் தின்னுட்டு நிக்கிது, எங்கள ஒண்ணும் பண்ணாது.”

சங்கிலி தேடியது

அந்தத் தையில்தான் சம்பா அறுவடைக் கூலித் தகராறும் முற்றியது. சங்கத் தலைவர் ரத்தினம், மெலிந்த உடம்பும் கனத்த குரலும் உள்ள விவசாயத் தொழிலாளி. கூலி நெல் கூட்டித் தராமல் அரிவாள் எடுக்க மாட்டோம் என்று ஆட்களை நிறுத்திவிட்டார். எதிர்த் தரப்பு மிராசுதார், வெளியூர் ஆட்களை இறக்கினார். அவருடைய ரைஸ் மில் விடிகாலையில் ஓட ஆரம்பிக்கும். அதே நேரத்தில்தான் லைனும் விழும்; கரண்டு அறுந்துபோவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேலைநிறுத்தக்காரர்கள்தான் கம்பியில் சங்கிலி வீசுகிறார்கள் என்று மிராசுதார் முடிவு கட்டிவிட்டார்.

நாங்கள் டவர் டவராக நடந்து தேடினோம். ஒரு முழம் கம்பிகூட அகப்படவில்லை. உப்பு, பனி, போர் அடிக்கும் தூசி என்று நான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: “கடலு எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அங்கதான் கெடக்கு, ரத்தினம் தலைவரானது இந்த வருஷம்தானே தம்பி?”

கழுவியது

உப்புதான் என்று நிரூபிக்க ஒரே வழி, கழுவிக் காட்டுவது. ஒருநாள் பகல் முழுக்க லைனை நிறுத்த அனுமதி வாங்கினேன். அன்று பார்த்து ஹமீது பாய் தங்கை நிக்காஹ்வுக்கு லீவு. தினக்கூலி ஆட்களை வைத்துக்கொண்டு நானே முன்னால் நின்றேன். உப்பளத்து டவர்களுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால், அதில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஒரு ஆள் வாளியோடு நின்று, “இந்தத் தண்ணியா சார்?” என்று கேட்டான். “தண்ணிதானேப்பா, மொண்டு குடு” என்றேன். சாயங்காலத்துக்குள் எல்லாத் தட்டும் துடைத்தாயிற்று. ‘முழுவதும் சுத்தம் செய்யப்பட்டது’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் விடிகாலை லைன் ஒருமுறை அல்ல, மூன்று முறை விழுந்தது. பொழுது விடிந்ததும் ரத்தினத்தை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உள்ளே வைத்துவிட்டார்கள். பதறி ஓடினேன். சப்-இன்ஸ்பெக்டர் மேசையில் என் ரிப்போர்ட்டின் நகல் இருந்தது. அவர் அதைத் தட்டிக் காட்டினார்: “நீங்க கழுவிட்டேன்னு எழுதிட்டீங்க, அப்பறம் விழுந்தா ஆள் வேலைதானே, உங்க கையெழுத்துதான் சார் என் கேஸே.”

அஞ்சம்மாள் வந்தது

மத்தியானம் ரத்தினத்தின் மனைவி அஞ்சம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. நாளைக் காலை கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். போனால் அறுப்பு முடிகிற வரை வெளியே விடமாட்டார்களாம். “டவர் பக்கம் ஒண்ணுக்குப் போகக்கூடப் பயப்படுற மனுசனுங்க அது. நீங்க படிச்சவங்க, மேல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

லைனைச் சற்று நேரம் நிறுத்தி, லீவு முடிந்து வந்திருந்த ஹமீது பாயை டவரில் ஏற்றினேன். விரலை நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். இறங்கி வந்து நேராக வாய்க்காலுக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். கடல் ஏற்றத்தில் உவர் ஏறுகிற வடிகால் வாய்க்காலாம் அது; அந்த ஊரில் மாடுகூட வாய் வைக்காது. வாய்க்கால் என்றாலே நல்ல தண்ணீர் என்று நினைக்கிற புது ஆற்றுக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு மனிதனை நான் ஒரு வாளித் தண்ணீரால் சிறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

பேசாமல் இன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் பதவி உயர்வு இன்னும் நிரந்தரம் ஆகவில்லை; யாருக்கும் தெரியாமல் தவறு மறைந்துவிடும். ஆனால் இன்று கழுவினால் நாளை லைன் விழாது. ஆளைப் பிடித்ததும் நின்றுவிட்டது பார் என்று ரத்தினத்தின் தலையில் அதுவே கட்டப்பட்டுவிடும். இதை நான் சொன்னபோது ஹமீது பாய் டவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாம கழுவல சார், உப்புக்கண்டம் போட்டிருக்கோம், ஊரக் கூட்டி அதைக் காட்டித்தான் ஆவணும்.”

பீங்கான் சாட்சி சொன்னது

நடந்ததை எழுதி, ‘உவர்நீரால் கழுவச் சொன்னது நானே’ என்று கையெழுத்திட்டு சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் நியாயமான மனிதர். “காட்டுங்க பாப்போம்” என்றார். மறுநாள் விடியும் முன்னே அவர், ஒரு கான்ஸ்டபிள், மிராசுதார், ஹமீது பாய், நான், எல்லோரும் டவருக்கு நூறு அடி தள்ளி நின்றோம். சுற்றிலும் வெட்டவெளி, ஒரு குருவி வந்தாலும் தெரியும். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்று வீசினால் பனி தங்காது. லைன் விழக்கூடாது என்று சம்பளம் வாங்குகிறவன், லைன் விழ வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் காற்று நின்றது. பனி கனத்தது. உஸ்ஸென்ற ஓசை கிளம்பி, சீற்றமாகி, ஊதாப் புழுக்கள் ஒன்றோடொன்று கை கோத்தன. அப்புறம் வானம் கிழிந்த மாதிரி ஒரு வெளிச்சம், கோயில் அதிர்வேட்டுப் போல ஒரு சத்தம். ஏழு தட்டையும் ஒரே நெருப்பு தழுவி எழுந்து மறைந்தது. எதிரே நின்றவர்கள் முகத்தில் இருந்த மயிர்க்கால்கூட எனக்குத் தெரிந்தது. மறு நொடி தூரத்து ஊர் விளக்கெல்லாம் அணைந்தன. மிராசுதார் தோள் துண்டைக் கையில் எடுத்து நின்றிருந்தார், தானே அறியாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்திலா நிம்மதியிலா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு கான்ஸ்டபிளிடம் சொன்னார்: “ரைட்டர்கிட்ட சொல்லி அந்த ஆள வெளிய விடச் சொல்லுய்யா, பனிய உள்ள வைக்க நம்மகிட்ட செக்ஷன் இல்ல.”

குளத்துத் தண்ணீர்

எனக்கு மெமோ வந்தது. அதற்கு விளக்கம் எழுதுவதற்குள் லைனைக் கழுவியாக வேண்டும். அக்கம்பக்கத்தில் உவர் இல்லாத தண்ணீர், ரத்தினம் இருந்த தெருவின் குடிதண்ணீர்க் குளத்தில்தான் இருந்தது. எந்த முகத்தோடு கேட்பது? போய் நின்றேன். ரத்தினம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தெருவைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். சற்று நேரத்தில் ஆணும் பெண்ணுமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வரிசையாக வந்தார்கள். முதல் குடம் அஞ்சம்மாளுடையது. கோடை வரை அவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர், தட்டு தட்டாக வழிந்து உப்பளத்தில் விழுந்தது. தட்டுகள் காப்பிக்கொட்டை நிறத்துக்குத் திரும்பின. அந்த வரிசையைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்: தலைக்கு மேலே லட்சம் வோல்ட் போகிற அந்தத் தெருவில் ஒரு கம்பம்கூட இல்லை. மாடத்தில் சிம்னி விளக்குதான் இருந்தது. மனைப் பட்டா மிராசுதாரோடு வழக்கில் கிடக்கிறது. பட்டா இல்லாமல் இணைப்பு கிடையாது என்பது விதி. இத்தனை மாதம் அந்தத் தெருவுக்கு மேலே மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். ரத்தினம் என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. “சுத்தமா ஆயிடிச்சி சார், இனிமே ஊருக்கெல்லாம் விடிய விடிய வெளிச்சந்தான், எங்களுக்கு எப்ப சார் எறங்கும்?”

பீங்கானைத் தாண்டி மின்சாரம் எப்படிக் கீழே இறங்குகிறது என்று கேட்ட அதிகாரிகளுக்கெல்லாம் மெமோவுக்கான பதிலில் நான்கு பக்கம் விளக்கம் எழுதிய நான், ரத்தினத்துக்கு மட்டும் “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டேன்.