காளான் காம்பில் கறி ருசி

எங்கள் லூகாங் சந்தைத் தெருவில் லியாங் அண்ணனின் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. வாடையே கூட்டிக்கொண்டு போய்விடும். அவர் விற்பது பன்றிக்கறி உருண்டை. சர்க்கரைவள்ளி மாவில் கண்ணாடி மாதிரி மேல்தோல், உள்ளே கறியும் மூங்கில் குருத்தும். ஆவியில் வெந்ததை இளஞ்சூட்டு எண்ணெயில் மிதக்கவிட்டு எடுத்து, கத்தரிக்கோலால் நாலாக வெட்டி, இனிப்புச் சாறு ஊற்றிக் கொடுப்பார். அதை ஒட்டிய கடையில் நான் பப்பாளிப் பால் விற்கிறேன்.

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. விற்பதில் பாதியை அவரே தின்றுவிடுகிறார் என்று அவர் மனைவி பியுன் சொல்வாள். காலையில் கறிச்சோறு, மத்தியானம் வாத்து, சாயங்காலம் மீன். தட்டில் யாராவது கீரையை வைத்தால், “இதைத் தின்ன நான் என்ன ஆடா?” என்று கேட்டு ஓரமாக ஒதுக்கிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் சைவமானது ஒரு புயலால்.

அந்தப் புயல் வரும் என்றார்கள், திசை மாறிவிட்டது என்றார்கள், மறுபடியும் வரும் என்றார்கள். இரண்டாவது சேதியை நம்பி அவருடைய தம்பி தோங் சின்னப் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். மத்தியானத்துக்குள் மற்ற படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. தோங்கின் படகு மட்டும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய எண்ணெய்த் துணியோடு, கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் மாட்சு அம்மன் கோயிலுக்கு ஓடினார். பின்னாலேயே பியுனும் நானும் ஓடினோம்.

கடலுக்குப் போனவர்களின் வீட்டு ஜனங்களால் கோயில் நிறைந்திருந்தது. அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் மண்டியிட்டார்.

“தாயே! என் தம்பி உசுரோட வந்துட்டா, நான் சாகுறவரைக்கும் கறி, மீன் எதையும் வாயில வைக்க மாட்டேன்!”

முப்பது வருஷமாகத் தெருவில் கூவி விற்ற குரல். ஊதுபத்தி பிடித்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பியுன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, ஒரு மாசம்னு சொல்லுங்க. ஒரு மாசம்னு சொல்லுங்கன்னா!” அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

கும்பிட்டு எழுவதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது.

“அண்ணே, எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? போன்ல சார்ஜ் போயிடுச்சு. காத்து பலமா இருந்துச்சுன்னு நான் முன்னாடியே வூச்சித் துறைமுகத்துல ஒதுங்கிட்டேன். இங்க பன்னிக்கால் போட்ட நூடுல்ஸ் ஒண்ணு குடுக்கிறாங்க பாரு, அடடா!”

அண்ணன் முதலில் அழுதார். அப்புறம் தம்பியை வாயில் வந்தபடி திட்டினார். அதெல்லாம் முடிந்ததும் கோயில் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“ஹுவா, சாகுறவரைக்கும்னா சொன்னேன்?”

“ஆமாண்ணே. வாசல்ல செருப்புக்குக் காவல் இருந்தவங்களுக்கே கேட்டுச்சு.”

மறுநாள் குளித்துவிட்டுப் பழத்தட்டோடு அம்மனிடம் பேரம் பேசப் போனார். எங்கள் வழக்கப்படி, பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுக் கேட்க வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் சைவமாக இருந்தால் போதுமா என்று கேட்டார். சிரித்தாள். மீன் மட்டும் தின்னலாமா? சிரித்தாள். ஒரு வருஷத்தோடு முடித்துக்கொள்ளலாமா? அதற்கும் சிரித்தாள். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்தி, “போதும் விடுங்கண்ணே, அம்மாவுக்கு வயித்து வலி வந்துடப்போகுது” என்றார்.

தோங்குக்கு இது வேடிக்கையாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. ஊர் திரும்பியவன் அண்ணனிடம் வாதாடிப் பார்த்தான்.

“அண்ணே, நீ வேண்டிக்கிட்டப்போ நான் கரையில உக்காந்து தின்னுட்டு இருந்தேன். அந்த வேண்டுதல் எப்படிச் செல்லும்?”

“நீ எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியாதே” என்றார் அண்ணன்.

தெருக்கோடியில் ஊதுபத்திக் கடை வைத்திருக்கும் கோ அக்கா பிறந்ததிலிருந்தே சைவம். அவள் சந்தோஷமாகப் பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். கோதுமைப் பசையில் செய்த கோழி, சோயா ஆடையைச் சுருட்டிய வாத்து, கிழங்கு மாவில் செய்து கோடெல்லாம் போட்ட இறால். அண்ணன் ஒவ்வொன்றாகக் கடித்தார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த இறால் குழந்தைங்க போடுற ரப்பர் செருப்பு. இது வாத்து இல்ல, வாத்து நீந்தின குளம்.”

“நாக்குக்குப் பழகணும் லியாங். கொஞ்ச நாள் ஆகும்.”

“எவ்வளவு நாள் ஆச்சு உங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு? நான்தான் கறியே தின்னதில்லையே!”

அண்ணன் வெறும் சோற்றில் பொரித்த சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டுத் தின்று ஆறுதல் தேடினார். ஒரு நாள் கோ அக்கா அதையும் பார்த்துவிட்டாள். “ஐயோ, வெங்காயம் ஆகாதே! பூண்டும் ஆகாது. சைவம்னா நமக்கு அப்படித்தான்.”

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். “பன்னிக்கு அம்மா உண்டு, புள்ள உண்டு. சரி, விட்டேன். வெங்காயத்துக்கு யாரு இருக்கா?”

கடையிலும் கஷ்டம். பூரணத்தை வாயில் போட்டுப் பார்க்காமல் செய்ததில் உப்புக் கூடிப்போனது. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு மட்டும் அந்த வாரம் பப்பாளிப் பால் நன்றாக ஓடியது. கடைசியில் ருசி பார்க்கும் வேலைக்கு தோங் வந்து சேர்ந்தான். புயலுக்கு அப்புறம் அவனுக்கும் கடல் என்றால் கொஞ்சம் பயம் வந்திருந்தது. காலையில் ருசி பார்க்க வந்தவன், மத்தியானம் பாத்திரம் கழுவினான், சாயங்காலம் உருண்டை வெட்டினான். படகைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டு அப்படியே கடையில் தங்கிவிட்டான்.

அண்ணன் இளைத்துக்கொண்டே வந்தார். சிடுசிடுவென்றும் ஆகிவிட்டார். ஒரு நாள் பியுன் சூப்புக்காக உலர்ந்த காளானை ஊறவைத்து, காம்புகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காம்பை யாரும் தின்பதில்லை. நார் மாதிரி இருக்கும். அண்ணன் ஏதோ யோசனையில் ஒன்றை எடுத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். திடீரென்று எழுந்து நின்றார்.

“பியுன்! இது பல்லை எதுத்துக்கிட்டு நிக்குது!”

“அதனாலதான் தூக்கிப் போடுறோம்.”

“கறியும் அப்படித்தானே நிக்கும்!”

அன்றிலிருந்து அந்த வீட்டு அடுக்களை பியுனுக்குச் சொந்தமில்லை. சந்தையில் காளான் விற்பவரிடம் போய் வேண்டாத காம்புகளை மூட்டையாகக் கேட்டார். “என்னண்ணே, பன்னி வளர்க்கப் போறீங்களா?” என்று அவர் கேட்டார். “வளர்க்கல. செய்யப் போறேன்” என்றார் அண்ணன்.

காம்பை வேகவைத்து, மரக்கட்டையால் அடித்து, இழை இழையாகப் பிரித்து, சோயா சாறும் பட்டை மசாலாவும் போட்டு வதக்கினார். முதல் தடவை நீர் சரியாக வடியாமல் உருண்டைகள் எண்ணெயில் படபடவென்று வெடித்தன. பியுன் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அடுத்த தடவை வறவறவென்று இருந்தது. கறிக்குக் கொழுப்பு வேண்டுமே என்று பொரித்த சோயா ஆடையை நறுக்கிச் சேர்த்தார். அது சரியாக வந்தது. ஆனால் எங்கள் ஊர் உருண்டைக்கு வாசமே வதங்கிய வெங்காயம்தான். அது இல்லாமல் மொட்டையாக இருந்தது.

அதற்கு வழி சொன்னது கோ அக்காதான். அவள் கொல்லையில் நிற்கும் ஒரு மரத்தின் சிவந்த கொழுந்தைப் பறித்துக்கொண்டு வந்து, “நாங்க வெங்காயத்துக்குப் பதிலா இதைத்தான் போடுவோம், நீ கேக்கவே இல்லையே” என்றாள். பொடியாக அரிந்து சூடான எண்ணெயில் போட்டதும் தெருவே மணத்தது. தோங் பதறிப்போய் உள்ளே ஓடிவந்தான்.

“அண்ணே, வெங்காயமா வதக்குறே? வேண்டுதல் உடைஞ்சா எனக்கு ஏதாவது ஆகிடப்போகுது!”

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அமாவாசையன்று, தனிச் சட்டி, தனி எண்ணெய், தனிக் கத்தரிக்கோல் வைத்து விற்றுப் பார்த்தார். கோயிலுக்கு வந்த சைவக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா குடையை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்துச் சந்தில் குடியிருப்பவர். கல்யாணத்துக்கு முன்பே சைவமாகிவிட்டவர். தினமும் இந்தக் கடையைத் தாண்டித்தான் போவார்; ஒரு நாளும் நின்றதில்லை.

மெதுவாக ஊதி ஊதித் தின்றார். கிண்ணத்தில் இருந்த சாற்றையும் வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சின்னப் புள்ளையில தின்னது. எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு திருவிழாவுக்கு வருவேன். அந்த ருசி மறந்தே போச்சுன்னு நினைச்சேன்பா.”

அண்ணன் இன்னொரு உருண்டையை வெட்டி அவர் கிண்ணத்தில் போட்டார்.

இப்போது தினமும் இரண்டு சட்டி. இந்தப் பக்கம் தோங், அந்தப் பக்கம் அண்ணன். தோங் “அசல் கறி! அசல் கறி!” என்று கூவுவான். அண்ணன் “தின்னுட்டு நிம்மதியா தூங்கலாம், வாங்க!” என்பார். கூட்டம் இரண்டு பக்கமும் நிற்கும். சிலர் இரண்டிலும் வாங்கித் தின்றுவிட்டு யார் ஜெயித்தார்கள் என்று சொல்லாமலே போவார்கள். பண்டிகை நாட்களில் அண்ணனின் சட்டிதான் முதலில் காலியாகும். அன்றைக்கு தோங் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

போன வாரம் கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணனிடம் கேட்டேன், “உண்மையைச் சொல்லுங்கண்ணே, இப்பல்லாம் கறி ஆசை வருதா?”

“வராமலா? தினமும் வருது. எதிர்ல தோங் சட்டியைத் திறக்கிறப்பெல்லாம் வருது.” அடுப்பைக் கொஞ்சம் தணித்தார். “ஆனா திறக்கிறதுக்கு அவன் இருக்கான்ல?”

“அண்ணே, பேச்சை அப்புறம் வெச்சுக்க, உன் பக்கம் ஆள் நிக்குது!” என்று தோங் கத்தினான். அண்ணன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, “வாங்க வாங்க, உறைப்பு வேணுமா, வேணாமா?” என்று கேட்டபடி நகர்ந்தார்.